ஏற்றிய இடம்

ஏழாம் தளத்துக் கடையில்
எனக்கென்று ஒரு கம்ப்யூட்டர், ஒரு ரசீதுச் சுருள்,
கப்பல் சாய்ந்தால் தானே திறந்துகொள்ளும் ஒரு மேசை டிராயர்.
நெஞ்சில் பெயர்ப்பட்டை: செல்வின்.
முதுகுக்குப் பின்னால் சென்ட் குப்பிகள்,
ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் இருக்க
நடுவே நான் செருகிய பழைய பேப்பர்.

பல்லார்ட் பியரில் கயிறு அவிழ்த்து
சிறிது நேரத்திலேயே சண்டை தொடங்கிவிடும்.
இன்று ஹஸ்முக்பாய்.
மூன்று கூலிங்கிளாஸ், ஒரு தொப்பி.
"கடல்ல என்னப்பா வரி?"
போனைத் தூக்கிக் காட்டுகிறார்,
ஒரு கோடுகூட இல்லை.
"பாத்தியா, நாடு முடிஞ்சுபோச்சு."
வரிசையில் நிற்பவர்கள் தலையாட்டுகிறார்கள்.
நாடு முடிந்ததில்
எல்லோருக்கும் கொஞ்சம் சந்தோஷம்.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறேன்:
கப்பலுக்குள் விற்கும் சாமானுக்கு
விற்ற இடம் கணக்கில்லை,
ஏற்றிய இடம்தான் கணக்கு.
இந்தத் தொப்பியும் உங்களோடுதான் ஏறியது சார்,
அதே துறையில், அதே மத்தியானம்.
அலை எங்கே கொண்டுபோய்ப் போட்டாலும்
இது மும்பைத் தொப்பி.

முணுமுணுத்தபடி அறை அட்டையை நீட்டுகிறார்.
மேல்தளத்து பாரில்
மதுவுக்கு வேறு சட்டம், வேறு ரசீது;
அங்கே ஒருவரும் கேள்வி கேட்பதில்லை.

இரவு பதினொன்றரை.
ஷட்டரைப் பாதி இறக்கியபோது
செருப்பைக் கையில் பிடித்தபடி ஓர் அம்மா.
பெயர்ப்பட்டையைப் படித்ததும் தமிழுக்கு மாறினார்.
"பன்னெண்டு மைல் தாண்டியாச்சா?"
திரையில் பார்த்துச் சொன்னேன், எப்போதோ தாண்டியாச்சு.
"அப்ப இது பம்பாய் இல்லதானே?"

வரிக்காகக் கேட்பவர்கள் விலைச்சீட்டைப் பார்ப்பார்கள்.
இவர் கதவைப் பார்த்தார்.

எனக்குத் தெரிந்தது விதி ஒன்றுதான்.
ஏற்றிய இடம்தான் கணக்கு, அம்மா.
"ஏறின இடம் கூடவே வருமா?"
வரும்.
"எறங்குற வரைக்குமா?"
புத்தகத்தில் அதற்கு என்ன போட்டிருக்கிறது என்று
நான் யோசிப்பதற்குள் சிரித்துவிட்டார்,
சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க.

கைக்கு எட்டிய குப்பியை எடுத்தார்.
பூ வாசனை இல்லை, ஏதோ மரம்,
ஆண்கள் பூசிக்கொள்வது.
இரண்டாயிரத்து நானூறு.
இருநூற்றுப் பதினாறு டெல்லிக்கு,
இருநூற்றுப் பதினாறு மகாராஷ்டிரத்துக்கு.
"ரூம் கணக்குல ஏத்தாதே, அதை அவர் பாப்பார்."
தன்னுடைய அட்டையைத் தந்தார்.
பெயர்?
"வசுமதி."
பின்னால் என்ன போட?
"அது ஏறின இடத்துப் பேரு. வேண்டாம்."

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால்
கம்ப்யூட்டர் ரசீது தராது.
ஒரு புள்ளி வைத்தேன்.
ஏற்றுக்கொண்டது.

எனக்கும் ஒரு கணக்கு உண்டு.
வெளிநாட்டுக் கப்பலில் ஓடும் என் தம்பி அருள்ராயன்
காலண்டரில் நாள் எண்ணி எண்ணி
வெளிநாட்டுவாசி ஆகி, அவன் சம்பளம்
வருமான வரிக்குத் தப்பிவிட்டது.
நான் ஓடுவது கரையோரக் கப்பல்.
வருஷத்தில் இருநூறு நாள் தண்ணீர்மேல்.
சட்டத்தைக் கேட்டால்
தாராவி தொண்ணூறடி ரோட்டைவிட்டு
நான் நகர்ந்ததே இல்லை.

மூன்றாம் நாள் காலை, துறை வாசலில் டீ.
பன்னிரண்டு ரூபாய், ரசீது கிடையாது.
புதுத் தொப்பியோடு ஹஸ்முக்பாய்
டாக்ஸிக்காரனிடம் பேரம் பேசுகிறார்.
கூட்டத்தில் அந்த மர வாசனை
என்னைக் கடந்து போனது.
பெட்டிகளோடு முன்னால் ஒருவர்,
இரண்டடி பின்னால் வசுமதி, ஒரு புள்ளி.

எங்கே போகணும் என்று கேட்டான் டிரைவர்.
அவர் ஓர் இடம் சொன்னார்.
இந்த அம்மா வேறு ஓர் இடம் சொன்னார்.

என் டீ ஆறிப்போகும்வரை
அந்த வண்டி கிளம்பவில்லை.